பின்பாரம்

எங்கள் பிக்கப்பின் பின்னால் இழுவைக் கொக்கி ஒன்று இருக்கிறது. குடும்பத்தில் வேறு யார் வண்டியிலும் அது கிடையாது. நாங்கள் செய்த குற்றம் அது ஒன்றுதான். கொக்கி வைத்திருப்பவன் இழுக்க வேண்டும். அவன் பெண்டாட்டி வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். இத்தனை வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இழுக்க வேண்டிய சாமான் ஒரு சின்னக் கேரவன், சக்கரம் வைத்த குட்டி வீடு. மாமனார் கடைசிக் காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. முன்பக்கம் ஒரு மேஜை, நடுவில் அடுப்பும் தொட்டியும், பின்பக்கம் குறுக்கே ஒரு கட்டில், அதற்கு அடியில் சாமான் போடும் அறை. நாலு பேர் படுக்கலாம் என்று விற்றவன் சொன்னானாம். நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டால் படுக்கலாம். மாமனார் போனபிறகு அது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது என்று பேச்சு. பொது என்றால் எப்படி என்று கேளுங்கள். அண்ணன் ரெஜி ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் கடற்கரையில் அதில் காலை நீட்டிப் படுப்பார். தம்பி நோலன், என் புருஷன், அதைக் கடற்கரை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு, அன்றைக்கே வெறும் வண்டியோடு திரும்புவான். விடுமுறை முடிந்ததும் மறுபடி போய் இழுத்துவருவான். ரெஜியிடம் கார் இல்லையா? இருக்கிறது. தாழ்வான, பளபளப்பான கார். அதில் கொக்கி மாட்டினால் பம்பரின் அழகு கெட்டுவிடுமாம்.

வருஷம் முழுக்க அது நிற்பது டி டோர்ன்ஸில், எங்கள் வீட்டு முற்றத்தில். கூரை ஒழுகினால் ஏறி அடைப்பது நோலன். மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டுவது நான். திரைச்சீலை தைத்தது நான். எலி குடியேறிய வருஷம் அதனோடு மல்லுக்கு நின்றதும் நான்தான். ஆனால் ஒரு ராத்திரி அதில் படுத்ததில்லை. சத்தியமாக. ஒரு மத்தியானம்கூட இல்லை.

இந்த வருஷம் என்னால் முடியவில்லை. திராட்சை சீசன் டிசம்பரில் பிடித்தால் ஏப்ரலில்தான் விடும். நான் பேக்கிங் ஷெட்டில் நிற்கிறவள். உட்கார்கிறவள் இல்லை, நிற்கிறவள். குலையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, கெட்ட பழத்தைச் சின்னக் கத்தரியால் நறுக்கித் தள்ளி, பெட்டியில் அடுக்க வேண்டும். ஷெட் முழுக்கக் குளிர், காலுக்குக் கீழே சிமெண்ட். கடல் தாண்டி யாரோ வாயில் போட்டுக்கொள்கிற பழத்துக்காக என் கணுக்கால் இரண்டும் பன்ரொட்டி மாதிரி ஊதிக் கிடந்தன. வீட்டுக்கு வந்தால் குனிந்து செருப்பைக் கழற்ற முடியாது. நோலன்தான் கழற்றிவிடுவான். அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. மாட்டேன் என்கிற வார்த்தை மட்டும் அவன் வாயில் வராது. அதுவும் அண்ணனிடம் சுத்தமாக வராது.

பிப்ரவரியில் ஒரு நாள் அப்படி அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"நோலன், ஈஸ்டருக்கு அந்தக் கேரவன் எனக்கு வேணும். ஒரு வாரம். நீயும் நானும் மட்டும்."

"ரெஜி பூட்டா..."

"பூட்டாகிட்ட நீ கேக்கறியா, நான் கேக்கட்டுமா?"

அண்ணனை எங்கள் பக்கம் பூட்டா என்போம். நோலன் அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவன் முதுகு தானாகக் கொஞ்சம் வளையும். நானே கேட்டேன். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

"அதுக்கென்ன கிரீட்டா! தாராளமா! உனக்கு இல்லாததா?" என்றார் ரெஜி. "நீங்களும் ஒருதரம் அனுபவிங்க. யோலாண்டாகூடச் சொல்லிட்டே இருப்பா, பாவம் கிரீட்டா எங்கயுமே போறதில்லன்னு."

யோலாண்டா அவர் மனைவி. என்னைப் பாவம் என்று சொல்லி அவளுக்கு வாய் வலித்ததே இல்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கேரவன் கிடைக்கிறதே.

ஆர்னிஸ்டன் கடற்கரையில் என் பேரிலேயே இடம் சொல்லிவைத்தேன். ஷெட்டில் பக்கத்தில் நிற்கிற சோஃபிக்கு அலுத்துப்போகிறவரை அதைப் பற்றியே பேசினேன்.

"அங்க போய் என்னடி பண்ணுவே?" என்று கேட்டாள்.

"தூங்குவேன்."

"தூங்கறதுக்குக் கடல் எதுக்கு? எங்க வீட்டுச் சோபா இருக்கே, வாயேன்."

"உன் வீட்டுல உன் மாமியாரும் இருக்காங்களே."

அவ்வளவுதான், வரிசை முழுக்கச் சிரித்தது. மேற்பார்வைக்காரி வந்து முறைத்தாள். அந்தச் சீசனில் நான் சிரித்தது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

கேரவனில் சாமான் ஏற்ற ஒரு முறை இருக்கிறது. எனக்கு அதைச் சொல்லித் தந்ததே நோலன்தான். கனமானதெல்லாம் சக்கரத்துக்கு நேர்மேலே, அல்லது கொஞ்சம் முன்னால், தரையோடு தரையாக வைக்க வேண்டும். பின்பக்கம் தலையணை, துண்டு, துணி, அவ்வளவுதான். முன்பாரம் கொஞ்சம் இருந்தால் கேரவன் அடக்கமாகப் பின்னால் வரும். பின்பாரம் ஏறிவிட்டால் போச்சு. மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், கொக்கியில் பிடிமானம் இருக்காது, பின்பக்கம் இடமும் வலமும் வீச ஆரம்பிக்கும். எங்கள் பிக்கப் ஒன்றும் யானை இல்லை. நடுத்தர வண்டி. சொன்னபடி கேட்கிற கேரவனை அது இழுக்கும். அடம்பிடிக்கிற கேரவன் அதை இழுத்துவிடும்.

புதன்கிழமை சாயங்காலம் இரண்டு பேருமாக ஏற்றினோம். குளியலறை எடை மெஷினைக் கொண்டுவந்து கேரவனின் மூக்குக்கு அடியில் வைத்து, நோலன் தரையில் படுத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தான்.

"அழகா இருக்கு. இதுக்கு மேல ஒரு ஸ்பூன்கூட வேண்டாம்," என்றான். "இவ்வளவு கனத்தை இந்த மெஷின் பாத்ததே இல்ல. உன்னைத் தவிர."

"எழுந்திரு, மெஷின உன் தலையில போடறதுக்குள்ள."

மறுநாள் வியாழன். எனக்கு ஷெட்டில் கடைசி நாள், அவனுக்குக் கூட்டுறவுக் கிடங்கில் அரை நாள்தான் வேலை. நான் வீட்டுக்கு வந்தபோது கேரவன் பிக்கப்போடு மாட்டிக் கிளம்பத் தயாராக நின்றது. என்ன சமர்த்து என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டேன்.

புனித வெள்ளி காலை கிளம்பினோம். ஈஸ்டருக்கு மீன் ஊறுகாய் இல்லாமல் எங்கள் பக்கம் யாரும் வெளியே கிளம்ப மாட்டார்கள். பொரித்த மீனை வெங்காயம், மசாலா, வினிகரில் போட்டு ஊறவைத்த அந்தப் பெரிய கிண்ணத்தைத் துணியால் கட்டி, அடுப்புக்குக் கீழே தரையில் நானே வைத்தேன். கதவைத் திறந்து வைத்தேன், மூடினேன், அவ்வளவுதான். கட்டில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? நான் அங்கே தலையணைதானே வைத்திருந்தேன்.

வூஸ்டரில் டீசல் போட நிறுத்தியபோது கீழே இறங்கினேன். பிக்கப்பின் பின்பக்கம் வழக்கமாகக் கேரவனின் கனத்தில் கொஞ்சம் அமுங்கியிருக்கும். அன்றைக்கு நிமிர்ந்து நின்றது.

"நோலன், பின்னாடி தூக்கின மாதிரி இல்ல?"

"டேங்கு காலியா இருந்துச்சு. இப்ப நிரப்பியாச்சுல்ல."

"டேங்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஏறு கிரீட்டா, கூட்டம் வந்துரும்."

ஏறினேன். ஊரைத் தாண்டியதும் அவன் ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே வந்தான்.

"ஸ்டீரிங் லேசா இருக்கா?"

"காத்து."

"மரத்துல ஒரு இலை அசையல."

ரேடியோ சத்தத்தைக் கூட்டினான். நான் கண்ணை மூடிச் சாய்ந்தேன். கேள்வி கேட்கவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. அது என்னிடம் இல்லை.

வில்லியர்ஸ்டோர்ப்புக்கு முன்னால் ஒரு கணவாய் வரும். ஏற்றத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஏறி முடித்து இறக்கம் ஆரம்பித்த இடத்தில் ஒரு பேருந்து எங்களைத் தாண்டியது. ஏதோ சபைக் கூட்டம், பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். ஜன்னலிலிருந்து ஒரு பெண் எனக்குக் கைகூடக் காட்டினாள். பேருந்தின் காற்று கேரவனை முதலில் தள்ளியது, பிறகு இழுத்தது. மற்ற நாளாக இருந்தால் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அடங்கிவிடும். அன்றைக்கு அடங்கவில்லை. என் பக்கக் கண்ணாடியில் கேரவனின் சுவர் முழுசாகத் தெரிந்தது. அடுத்த நொடி காணோம், நோலன் பக்கத்துக்குப் போய்விட்டது. திரும்ப என் பக்கம் வந்தது, முன்னைவிட அதிகமாக.

"நோலன்!"

"தெரியுது."

"பிரேக்க மிதிக்காத!"

"மிதிக்கலடி, பேசாம இரு!"

பிக்கப்பின் பின்பக்கத்தை யாரோ இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுகிற மாதிரி இருந்தது. பிரேக்கை மிதித்தால் கேரவன் முன்னால் வந்து எங்களை மடக்கிப்போடும். மிதிக்காவிட்டால் இறக்கம் இழுத்துக்கொண்டு போகும். என் பக்கம் ஒரு தகரத் தடுப்பு, அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை, ஆழத்தில் யாருடைய பழத்தோட்டமோ தெரிந்தது. நோலன் காலை மொத்தமாக எடுத்துவிட்டான். கியரைக் குறைத்தான். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். திருப்பிச் சமாளிக்கப் பார்க்கவில்லை. செய்ய வேண்டியது அதுதான். கையைக் கட்டிக்கொண்டு சாகிற மாதிரி இருக்கும், ஆனாலும் அதுதான். நான் ஜெபம்கூடப் பண்ணவில்லை. செத்தால் தூங்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. கடவுள் மன்னிக்கட்டும், அது எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

பிறகு ஆட்டம் குறைந்தது. இன்னும் குறைந்தது. இறக்கம் முடிந்து சாலை சமமான இடத்தில் கேரவன் ஒன்றுமே நடக்காத மாதிரி எங்கள் பின்னால் வந்தது. பின்னால் வந்த கார்க்காரன் தாண்டிப் போகும்போது நெற்றியில் விரலைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனான். கொஞ்ச தூரத்தில் யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே, வழிப்பயணிகள் உட்கார்ந்து சாப்பிடுவதற்கென்று சிமெண்ட் மேஜையும் பெஞ்சும் போட்ட இடம் ஒன்று இருந்தது. நோலன் அங்கே ஒதுக்கி நிறுத்தினான். சாவியைத் திருப்பக் கை வரவில்லை. நான்தான் அணைத்தேன்.

"ஏன் அப்படி ஆடிச்சு?"

"காத்து..."

"இன்னொருதரம் காத்துன்னு சொல்லு, உன்னை அந்தக் காத்தோடயே அனுப்பிடறேன்."

இறங்கிப் போய்க் கேரவன் கதவைத் திறந்தேன். மீன் கிண்ணம் கவிழ்ந்து, மஞ்சள் குழம்பு தரை முழுக்க ஓடி, நான் தைத்த திரைச்சீலை வரைக்கும் தெறித்திருந்தது. வினிகர் வாடை கண்ணைக் கரித்தது. அதைத் தாண்டிப் பின்பக்கம் போனேன். கட்டிலின் மேல்பலகை ஒரு பக்கம் எகிறிக் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன்.

மூன்று மூட்டை விறகு. அதுவும் இரும்பு மாதிரி கனக்கிற விறகு. ஒரு பெரிய கித்தான் கூடாரம், கம்பிகளோடு சுருட்டி வைத்தது. மூன்று கால் இரும்புச் சட்டி ஒன்று. குளிர்பானக் கிரேட் இரண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, மடித்த ஒரு மெத்தை விரிப்பின்மேல், ஒரு ஜோடி ரோஸ் நிறச் செருப்பு. வீட்டுக்குள் போடுகிற பஞ்சுச் செருப்பு, முன்னால் முயல் முகம் வைத்தது. அதை யோலாண்டாவின் காலில் நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் செருப்பில் கனமே இல்லை. ஆனால் விறகைப் பார்த்தபோது வராத கோபம் அதைப் பார்த்ததும் வந்தது. ஒரு மத்தியானம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவள் வீட்டுச் செருப்பை மூட்டை கட்டி அனுப்ப மாட்டாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நோலன் கேரவனின் படிக்கருகில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை.

"இது என் கேரவன்ல என்ன பண்ணுது?"

"நேத்து மத்தியானம் பூட்டா வந்தாரு," என்றான். "சாமான் எல்லாம் குடுத்துட்டுப் போனாரு. அவங்களும் வராங்களாம். ரெண்டு நாள்தான்."

"ரெண்டு நாளுக்கு மூணு மூட்டை விறகா?"

"ஒருவேளை நாலு நாள்."

"நோலன்."

"வாரம் முழுசும்," என்றான்.

"எங்க படுப்பாங்க?"

"பூட்டாவுக்கு முதுகு வலி. தரையில படுத்தா எழுந்திருக்க முடியாதாம்."

"அப்ப நாம?"

அவன் கதவு வழியாகக் கித்தான் சுருட்டைப் பார்த்தான். பதில் அதுதான்.

"என்கிட்ட எப்ப சொல்றதா இருந்தே?"

"அங்க போனதும். கடலப் பாத்தா நீ சந்தோஷமா இருப்பே, அப்பப் பக்குவமா சொல்லிக்கலாம்னு..."

"அதுக்காக என் கண்ணுல படாம கொண்டுபோய்க் கடைசில திணிச்சே. பின்பாரம் ஏத்தக் கூடாதுன்னு எனக்குப் பாடம் எடுத்த மனுஷன்!"

"வேற எங்க வெச்சாலும் நீ பாத்துடுவே கிரீட்டா."

பாருங்கள், அதுதான் உண்மை. அவனுக்குத் தெரியாமல் இல்லை. கூட்டுறவுக் கிடங்கில் டிரெய்லர் கொண்டுவருகிற விவசாயிகளை, பின்னால் ஏற்றாதே, பின்னால் ஏற்றாதே என்று விரட்டுகிறவன் அவன். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லப் பயம், அவர் வருவதை என்னிடம் சொல்லப் பயம். அந்த இரண்டு பயத்தையும் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்து, எங்கள் இரண்டு பேரையும் கணவாயில் கொட்டப் பார்த்தான்.

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். கத்துவதற்கும் காலில் வலு வேண்டும் போலிருக்கிறது. படியில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் இறக்குவான். முறைப்படி முன்னால் ஏற்றுவான். போய்ச் சேருவோம். யோலாண்டா அந்த முயலைக் காலில் மாட்டிக்கொண்டு, பாவம் கிரீட்டா, ரொம்பக் களைச்சுப் போயிருக்கா என்று சொல்லிவிட்டு, என்னிடம் டீ கேட்பாள். நான் போட்டுத் தருவேன். ராத்திரி கூடாரத்தில் மணல்மேல் படுத்து, அவர்கள் கேரவனுக்குள் புரள்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்கப்புறம் வீடு, அதற்கப்புறம் டிசம்பர், மறுபடி அந்தச் சிமெண்ட் தரை.

"திரும்பிப் போயிடலாமா?" என்று கேட்டான்.

"வீட்டுல என்ன இருக்கு? தொட்டியில பாத்திரம்தான் இருக்கு."

"அப்ப என்ன பண்ணட்டும், சொல்லு."

"இறக்கு."

"எல்லாத்தையுமா?"

"அவங்க சாமான் எல்லாத்தையும்."

"பூட்டா கேட்டா..."

"இறக்கு, நோலன்."

இறக்கினான். ஒவ்வொரு மூட்டையாகத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் அந்தச் சிமெண்ட் மேஜைமேல் வைத்தான். சட்டி, கிரேட், கூடாரம். கடைசியாகச் செருப்பை என் கையிலிருந்து வாங்கி, விறகு மூட்டைமேல் ஜோடியாக வைத்தான். அதைக்கூட ஒழுங்காக வைக்கிறானே என்று எனக்கு எரிச்சல். சாலையில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. எல்லா வண்டியிலும் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

கட்டில் காலியானதும் நான் எழுந்து உள்ளே போனேன். மீன் குழம்பைத் தாண்டிப் போனேன். துடைக்கவில்லை. அந்தக் கேரவனில் அழுக்கைப் பார்த்தும் துடைக்காமல் நான் தாண்டிப் போனது அதுவே முதல்தடவை. பலகையைச் சரியாகப் போட்டு, மெத்தையைத் தள்ளி, கால் இரண்டையும் தலையணைமேல் தூக்கிவைத்துப் படுத்தேன். கொஞ்ச நேரம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாக யூகலிப்டஸ் வாசனை வந்தது. நோலன் ஒரு துணியோடு உள்ளே வந்து, முட்டிபோட்டு, சத்தம் போடாமல் தரையைத் துடைத்தான். மீன் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் வெளியே போனபிறகு அவனுடைய ஃபோன் அடித்தது.

ரெஜி ஒரு பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியர். மைதானத்தில் நின்று மைக் இல்லாமல் பேசிப் பழகிய குரல். கேரவன் சுவரோ பிஸ்கட் டின் கனம்தான். எல்லாம் கேட்டது.

"எங்கடா இருக்கீங்க? நாங்க வந்து ரொம்ப நேரமாச்சு. கேட்ல கிரீட்டா பேருதான் இருக்காம், உள்ள விட மாட்டேங்கறான்."

"வழியில நிக்கறோம் பூட்டா."

"ஏன், டயரா?"

"டயர் இல்ல. கிரீட்டா... கிரீட்டா கேரவனுக்குள்ள தூங்கறா."

"தூங்கறாளா? சரி, தூங்கட்டும். நீ ஓட்டிட்டு வா."

"ஆள் உள்ள இருக்கும்போது ஓட்டக் கூடாது பூட்டா. சட்டம் இருக்கு. போலீஸ் பிடிச்சா அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பெண்டாட்டிக்காகப் பேசும்போதும் போலீஸைத் துணைக்குக் கூப்பிடுகிறான். ஆனால் பேசுகிறானே.

"அப்ப எழுப்புடா!" என்றார் ரெஜி. "எழுப்பி முன்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டு வா. இதுகூடவா நான் சொல்லித் தரணும்? யோலாண்டா வெயில்ல நிக்கறா."

சரளைக் கல்லில் நோலனின் காலடிச் சத்தம் கேட்டது. கதவுப் பக்கம் வருகிறான். இந்த இடத்தில்தான் அவன் எப்போதும் உடைவான். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். நான் முழித்துத்தான் இருந்தேன். கொஞ்சம் அசைந்தால் போதும், ஒரு இருமல் இருமினால் போதும், இதோ அவளே எழுந்துட்டா பூட்டா, வந்துட்டோம் என்று சந்தோஷமாகச் சொல்லிவிடுவான். அவனை அந்தக் கஷ்டத்திலிருந்து விடுவித்து விடலாம். இத்தனை வருஷமாக நான் செய்தது அதைத்தான். அவன் திணறுகிற இடத்திலெல்லாம் நானே முந்திக்கொண்டு, பரவாயில்ல, விடு, போகலாம் என்பேன்.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மூச்சை மெதுவாக விட்டேன். அவன் கதவில் கையை வைத்த சத்தம் கேட்டது. அவன் நிழல் என்மேல் விழுந்து வெளிச்சம் குறைந்தது கண்ணை மூடியிருந்தும் தெரிந்தது. முழித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பது இவ்வளவு பெரிய பாடு என்று எனக்கு அதுவரை தெரியாது. ஷெட்டில் நிற்பதே தேவலாம். ஒரு ஈ வந்து என் கணுக்காலில் உட்கார்ந்தது. நான் அசையவில்லை.

"என்னடா, எழுப்பினியா?" என்றது ஃபோன்.

"இல்ல."

"ஏன்?"

"எழுப்ப மாட்டேன், பூட்டா."

அதோடு நிற்காமல் தொடர்ந்து பேசிவிட்டான், நிறுத்தினால் முடியாது என்று தெரிந்தவன் மாதிரி, கீழ்க்குரலில், வேகமாக.

"உங்க சாமான் எல்லாம் இங்க மேஜைமேல இருக்கு. வில்லியர்ஸ்டோர்ப்புக்கு இந்தப் பக்கம், கணவாய்க்குக் கீழ, யூகலிப்டஸ் மரத்தடியில. வேணும்னா வந்து எடுத்துக்குங்க. அவ எழுந்ததும் நாங்க ரெண்டு பேரும் வருவோம். நாங்க மட்டும். நீங்க வேற இடம் பாத்துக்குங்க."

அப்புறம் ஃபோனை வைத்துவிட்டான். அவன் படியில் உட்கார்ந்தான். அவன் கனத்தில் கேரவன் முழுசும் அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்தது. எனக்குக் கண்ணீர் வந்து காதுக்குள் இறங்கியது. அவனைக் கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தேன். ஆனால் தூங்குகிறவள் எப்படிப் பேசுவாள்? அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அசையாமல் கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனேன்.